வாப்பாவுக்கு வராத நடை

மனிதர்களை நடக்கச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. மும்பை செம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், பைக்கிலிருந்து விழுந்து எழுந்தவர்கள் எல்லாரும் ஒரு நீளமான வராந்தாவில் எனக்கு நடந்து காட்டுவார்கள். காலை இழுக்கிறார்களா, நொண்டுகிறார்களா, தள்ளாடுகிறார்களா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் உரிய இங்கிலீஷ் வார்த்தையை எழுத வேண்டும். அந்த வார்த்தைகளில் பாதியை நான் கல்லூரியில் படிக்கவில்லை. தாராவியில், ஐந்தாம் வகுப்பில், ஒரே மத்தியானத்தில் படித்தேன். அவற்றில் ஒரே ஒரு வார்த்தைதான் இன்றுவரை என் தொழிலுக்கு உதவவில்லை. அது ஸ்ட்ரோல். எனக்கு உலாத்த வரவில்லை டாக்டர் என்று எந்த நோயாளியும் வந்து நிற்பதில்லை. ஆனால் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் வாப்பா.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் மங்களூர்க்காரர். கட்டுரை எழுதச் சொன்னால் நாங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘வாக்’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நடப்போம். ராஜாவும் வாக், திருடனும் வாக், கால் ஒடிந்த ஆட்டுக்குட்டியும் வாக். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. பலகை நிறைய நடைகளை எழுதிவிட்டு, மேசைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒவ்வொன்றாக நடந்து காட்டினார். விறைப்பாகக் கையை வீசிப் போனால் மார்ச். நுனிக்காலில் சத்தமில்லாமல் போனால் டிப்டோ. ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திப் போனால் ஸ்ட்ரட். அலுத்துப்போய், காலைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்தால் ட்ரட்ஜ். தள்ளாடினால் ஸ்டாகர், நொண்டினால் லிம்ப், வாத்து மாதிரி அசைந்து போனால் வாடில். பருமனான உடம்பை வைத்துக்கொண்டு அவர் வாடில் நடந்து காட்டியபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனுஷி.

அன்று சாயங்காலம் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சந்து முழுக்க இங்கிலீஷ் நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் இரண்டு செல்போன் வெளியே தெரிய வைத்துக்கொண்டு வரும் சந்துக் கமிட்டிக்காரர் சந்தேகமில்லாமல் ஸ்ட்ரட். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகத் தண்ணீர் தூக்கி வரும் அக்காமார் வாடில். கார்கானாவிலிருந்து திரும்பி வரும் வாப்பா ட்ரட்ஜ். கார்கானா என்றால் பட்டறை. மூன்று தையல் மெஷின் போட்ட ஒரு மாடி அறையில் வாப்பா தோல் பைகள் தைத்துக்கொண்டிருந்தார். உம்மா எப்போதும் டிப்டோ. பத்துக்குப் பத்து அறையில் என் தம்பி எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டுப் பரீட்சையில் இங்கிலீஷுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அந்த வருஷம் ஆளுக்கு ஒரு நடை நடந்து காட்ட வேண்டும், அதுதான் தேர்வு என்று டீச்சர் சொல்லிவிட்டார். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். ஸ்டாகர் கிடைத்த பையன் குதித்தான். அவன் வீட்டுக்கு எதிரே ஒயின் ஷாப். லிம்ப் கிடைத்தவளும் பிழைத்துக்கொண்டாள். எனக்கு வந்தது ஸ்ட்ரோல். எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாமல், சந்தோஷத்துக்காக மெதுவாக நடப்பது என்று டீச்சர் விளக்கம் சொன்னார். எழுந்து நடந்தேன். நீ ரேஷன் கடைக்குப் போகிறாய் என்றார். மறுபடி நடந்தேன். இப்போது பொதுக் கக்கூஸுக்குப் போகிறாய் என்றார். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு இன்னும் மெதுவாக நடந்து பார்த்தேன். இப்போது வீட்டில் அடி விழும் என்று பயந்துகொண்டு போகிறாய் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை தேர்வு, அதற்குள் பழகிக்கொண்டு வா என்று உட்காரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்ன நடை நடக்கப் போய்த் தன் நடையும் கெட்ட காக்கையின் கதி எனக்கு. கக்கூஸுக்குப் போவதற்குக்கூட அதன்பின் இயல்பாக நடக்க வரவில்லை.

புத்தகத்தில் ஸ்ட்ரோலுக்கு ஒரு படம் இருந்தது. ஒரு தோட்டம். தொப்பி போட்ட ஒருவரும் குடை பிடித்த ஒரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய். வேறு எந்த வார்த்தைக்கும் படத்தில் இரண்டு பேர் இல்லை. ஆக, ஸ்ட்ரோலுக்கு ஆணும் பெண்ணும் ஜோடியாக வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாய் கட்டாயமில்லை என்பது டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஜோடியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஜோடி என்று சொல்லத்தக்க நிலைமை இல்லை. வாப்பாவும் உம்மாவும் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. உம்மாவின் ஒரே தங்கச்சிக்கு ஊரில், திருநெல்வேலிப் பக்கம், கல்யாணம் நடந்தது. நாங்கள் போகவில்லை. காட்கோபர் சேட் அவசரமாக ஒரு பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டார் என்பது காரணம். போகிறோம் என்றும் சொல்லாமல், போகவில்லை என்றும் சொல்லாமல் வாப்பா இருந்துவிட்டார், கல்யாண நாள் வந்தது, போயிற்று. பிறகு கல்யாண சிடி வந்தது. உம்மா அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். மணப்பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி நின்றுகொண்டிருந்தாள். உம்மா படத்தை அங்கேயே நிறுத்தினாள். அன்றோடு வாப்பாவிடம் பேச்சையும் நிறுத்தினாள்.

ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை. அதற்கு நடுவில் ஓர் ஆள் தேவை. அது நான். “உங்க வாப்பாட்ட சொல்லு, சோறு எடுத்து வச்சிருக்கு” என்பாள் உம்மா. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் வாப்பாவிடம் திரும்பி நான் அதைச் சொல்வேன். “உங்க உம்மாட்ட சொல்லு, ரசம் போதும்” என்பார் வாப்பா. நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அங்கங்கே ஒரு ப்ளீஸ் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் விளையாட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் ஊரிலிருந்து மாமா, உம்மாவின் அண்ணன், வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வாப்பாவை விட்டுவிட்டு, உம்மா, தம்பி, நான் மட்டும். திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று மாமா போனில் சொன்னது எனக்கே கேட்டது. உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து கார்கானாவிலிருந்து வரும் வாப்பாவின் ட்ரட்ஜ் இன்னும் கனத்துப்போயிற்று. எனக்கு வாப்பாவும் வேண்டும், உம்மாவும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். இவற்றில் எதைக் கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது கடைசி ஒன்றுதான்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்கு இல்லை என்ற பதில் கிடையாது. செருப்பு வேண்டும் என்றால் பார்க்கலாம் என்பார்கள். இங்கிலீஷ் பாடத்துக்கு வேண்டும் என்றால் இருவரும் எழுந்து நின்றுவிடுவார்கள். நான் படத்தைக் காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டும், நான் பார்த்துப் பழக வேண்டும், இல்லாவிட்டால் ஃபெயில் என்றேன். ஃபெயில் என்று டீச்சர் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் ஆகும் என்று நான் மனதார நம்பினேன். உம்மா படத்தை உற்றுப் பார்த்தாள். “இது உலாத்துறதுல்ல? இதுக்கா மார்க்கு போடுதாக?” என்று ஆச்சரியப்பட்டாள். எங்கள் வீட்டில் அது வசவு. வேலைவெட்டி இல்லாமல் உலாத்திக்கொண்டு திரியாதே என்று தம்பியைத்தான் உம்மா திட்டுவாள். அவனுக்கு அப்போது மூன்று வயது.

வாப்பா என்னிடம், உம்மாவுக்குச் சொல்லச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போகலாம் என்றார். உம்மா என்னிடம், வாப்பாவுக்குச் சொல்லச் சொல்லி, சரி என்றாள்.

எங்கே போவது என்பது வாப்பாவின் யோசனை. தாராவியில் உலாத்த இடம் ஏது? எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ரயில் பாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. அங்கே மரங்களும் புல்லுமாக ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. ஒரு மாட்டுங்கா வீட்டுக்குப் பை கொண்டுபோய்க் கொடுத்தபோது வாப்பா பார்த்திருக்கிறார். அங்கே ஜனங்கள் சும்மாவே நடக்கிறார்கள் என்று ஏதோ அதிசயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

நாங்கள் எப்போதும் போவது போலத்தான் புறப்பட்டோம். முன்னால் வாப்பா. கொஞ்சம் தள்ளி, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, புர்காவில் உம்மா. நடுவில் நான். எங்கள் ஆட்களில் யார் வீட்டிலும் அப்படித்தான். ஆண் முன்னால், பெண் பின்னால். ஊரில் அகலமான தெருவில்கூட அப்படித்தான் போவார்களாம். தாராவிக்கு வந்த பிறகு சந்தே அதைச் சட்டமாக்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து உம்மா வெளியே போகும்போது பார்த்ததெல்லாம் வாப்பாவின் முதுகுதான். கூட்டத்தில் அந்த முதுகைத் தவறவிடாமல் பின்தொடர்வதில் அவளுக்கு நல்ல பழக்கம். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடையும் காப்பித்தூள் வாசனையுமாக அத்தனை நெரிசல் இருந்தும் எங்கள் வரிசை கலையவில்லை.

தோட்டத்தைச் சுற்றி நடைபாதையில் மாட்டுங்காக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சிலர் டாக்டருக்காக நடந்தார்கள். அது தெரிந்தது. அது ஸ்ட்ரோல் இல்லை. கையை முழங்கையில் மடக்கிக்கொண்டு, யார் மேலேயோ கோபம் போல ஒரு நடை. கடைசியில் நான் தேடியது கிடைத்தது. ஒரு வயதான தம்பதி. அந்த மாமி பட்டுப் பார்டர் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, கூட வந்த பெரியவர் தலையை அவர் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். நாய்கூட இருந்தது, ஆனால் அது அவர்களுடையது இல்லை. அதோ அந்த மாதிரி என்று நான் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் காட்டினேன்.

வாப்பாவுக்கு வரவில்லை. அவருக்குத் தெரிந்தது இரண்டே நடை. போகும்போது ரயிலைப் பிடிப்பது போல, வரும்போது மூட்டை சுமப்பது போல. நாலு எட்டு வைப்பதற்குள் தூரத்தில் போய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் எங்களுக்காகக் காத்து நின்றார். “வாப்பா, ட்ரெயின் போவல. மெதுவா!” என்று நான் கத்த வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். உம்மாவின் நிலைமை வேறு. அவர் வந்து பக்கத்தில் நின்றால் இவள் தன்னையறியாமல் பின்வாங்கினாள். இவள் பின்வாங்கினால் அவர் முன்னால் போனார். நான் இரண்டு பேரையும் பிடித்து நேராக நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியில், நடுவில் ஒரு கைவண்டி போகுமளவு இடம் விட்டுக்கொண்டு, ஒருவர் மரத்தையும் ஒருவர் ரோட்டையும் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார்கள். நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். படத்தில் நாய் இருந்த இடத்தில்.

“இப்பிடி நடந்தா எப்போ போய்ச் சேர்றது?” என்று உம்மா என்னிடம் கேட்டாள்.

“போய்ச் சேர எடமே கிடையாது உம்மா. அதான் ஸ்ட்ரோல்.”

கொஞ்ச தூரம் போனார்கள். கைவண்டி போகுமளவு இருந்த இடம், சைக்கிள் போகுமளவு ஆனது. அப்போதுதான் உம்மா அதைக் கவனித்திருக்கிறாள். வழக்கம் போல என்னைத் தூதாக வைத்துத்தான் கேட்டாள். “உங்க வாப்பாட்ட கேளு. நடக்கையில வாயை அசைச்சுக்கிட்டே வாராகளே, யாருகிட்ட பேசுதாகன்னு.”

நான் கேட்கவில்லை. தம்பி அந்த நாயின் வாலைப் பிடிக்கப் போய்விட்டான், நான் அவனைப் பிடிக்கப் போய்விட்டேன். நடுவில் ஆள் இல்லாததால் வாப்பா தானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

“உன்கிட்டதான்” என்றார்.

“என்கிட்டயா?”

“பின்ன யாருகிட்ட? எப்பவும் உன்கிட்டதானே பேசிக்கிட்டு நடக்கேன்.”

நான் தம்பியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது உம்மா நின்றுவிட்டிருந்தாள். நிற்கக் கூடாது, ஸ்ட்ரோலில் நிற்பது கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஒரு நாளும் என் காதுல ஒண்ணும் விழுந்ததில்லையே” என்றாள் உம்மா.

இதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் பலகைச் சுவர். நாங்கள் உள்ளே தமிழில் பேசினால் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவிடமிருந்து மராத்தியில் பதில் வரும். அதனால் வாப்பா முக்கியமான எதையும் வீட்டில் பேச மாட்டார். எல்லாவற்றையும் ரோட்டுக்கென்று எடுத்துவைப்பார். கார்கானா கவலை, சேட்டின் மேல் வருத்தம், பிள்ளைகளின் படிப்பு, எல்லாம். முன்னால் பார்த்து நடந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், பின்னால் வருகிறவளிடம் மனதில் உள்ளதைக் கொட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவளுக்கும் நடுவில் வரும் எனக்கும் டெம்போ ஹாரனும் தையல் மெஷின் இரைச்சலும்தான் கேட்கும். தன் புருஷன் வாயில்லாப் பூச்சி என்று உம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். தன் பெண்டாட்டி எதற்கும் குறுக்கே பேசாத பொறுமைசாலி என்று வாப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

“அப்போ, சின்னவனுக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோமே, நைன்ட்டி ஃபீட் ரோட்டுல, அன்னைக்குச் சொன்னது?” என்றார் வாப்பா.

“என்ன சொன்னிய?”

வாப்பா அவள் பக்கமாக ஓர் எட்டு வைத்தார். “கல்யாணத்துக்கு என்னால வர முடியாது, ஆர்டர் கிடக்கு, நீ பிள்ளையளைக் கூட்டிட்டுப் போ, எதுத்த வீட்டு காக்காவும் அவுக பெண்டாட்டி பிள்ளையளும் அதே வண்டியில போறாக, துணைக்கு ஆச்சு, டிக்கெட் எடுக்கட்டுமான்னு கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீ ஒரு வார்த்தை பேசல. நான் இல்லாமப் போக உனக்கு மனசில்ல போலன்னு விட்டுட்டேன்.”

உம்மா பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். “என் தங்கச்சி கல்யாணம்ங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புர்காவுக்குள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி அழத் தொடங்கினான்.

வாப்பா நின்றுகொண்டே இருந்தார். அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் கேட்கவில்லை. “நான் ஒரு தரமாவது திரும்பிப் பாத்திருக்கணும்” என்றார். பிறகு பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருட்டிக்கொண்டு வருகிறது, திங்கட்கிழமை விடிந்தால் தேர்வு, இவர்கள் என்னடா என்றால் உட்கார்ந்துவிட்டார்கள். உட்காருவதற்கு எதற்கு மாட்டுங்கா வரை வர வேண்டும்?

அந்த வயதான தம்பதி ஒரு சுற்று முடித்து மறுபடி எங்களைக் கடந்து போனார்கள். உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க, பிள்ளைக்குப் பாடம் இருக்குல்லா” என்று வாப்பாவைப் பார்த்தே சொன்னாள். என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர்கள் நடந்த நடைக்கு டீச்சர் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார். வாப்பா தலையைச் சாய்த்துக்கொண்டார். உம்மா ஏதேதோ கேட்டாள். இத்தனை வருஷம் ரோட்டில் கொட்டிவிட்டுப் போனதையெல்லாம் அவர் திரும்பப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. விளக்குகள் எரியத் தொடங்கின. எனக்குக் கால் வலித்தது. ஸ்ட்ரோல் இவ்வளவு நீளமானது என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை என் பெயர் கூப்பிட்டதும் நான் என் சிநேகிதியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் உயரத்தில் என்னைவிடப் பெரியவள், அதனால் அவள் வாப்பா. தனியாக நட என்றார் டீச்சர். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றேன். தேவையில்லை என்றார். நான் விடவில்லை. சரி, நடந்து தொலை என்று விட்டுவிட்டார். பலகையிலிருந்து ஜன்னல் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தேன். இப்போது எங்கே போகிறாய் என்றார் டீச்சர். எங்கேயும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு முழு மார்க் போட்டார். ஆனால் அந்த வார்த்தையின் அர்த்தத்தில் ஜோடி கிடையாது, தனியாகவும் ஸ்ட்ரோல் போகலாம் என்று மறுபடியும் சொன்னார். அதை நான் அன்று நம்பவில்லை. இன்றும் முழுதாக நம்பவில்லை.

பரீட்சை முடிந்து மாமா வந்தார். வரும்போதே சண்டைக்கு ஆயத்தமான முகம். வாப்பா போய் தாதர் ஸ்டேஷனில் அழைத்து வந்தார். மாமா கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு எல்லாருமாக ஊருக்குப் போனோம், கார்கானாவைப் பூட்டிவிட்டு வாப்பாவும் வந்தார். சின்னம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உம்மா ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாரும் தாராவிக்குத் திரும்பிவிட்டோம். ஊருக்குப் போவதற்காக வாப்பா உம்மாவுக்குத் தன் கையால் ஒரு ஜோடி தோல் செருப்பு தைத்திருந்தார். அவள் ரப்பர் செருப்பின் வாரில் ஊக்குக் குத்தியிருந்ததைத் தோட்டத்தில்தான் பார்த்தாராம். பை தைத்துப் பழகிய கை என்பதால் அந்தச் செருப்பு இரண்டு பர்ஸுகளைப் போல இருந்தது. உம்மா அதைத் தேயும்வரை போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரயில் பாலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். ரோட்டிலும் அப்படியே. எங்கள் சந்து முனைக்கு வந்ததும் உம்மா பழக்கத்தில் நின்று வாப்பாவுக்கு வழி விட்டாள். வாப்பா போகவில்லை. குழாயடி ஓரமாக ஒதுங்கி நின்றார். “நீ முன்னால போ” என்றார்.

உம்மா தயங்கினாள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு புர்காவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாப்பா. கடைசியில் நான். எனக்கு ஒரே அவமானம். புத்தகத்தில் இருப்பது பக்கத்தில் பக்கத்தில். எங்கள் வழக்கம் ஆண் முன்னால். இது இரண்டிலும் சேராத ஒரு நடை, இதற்கு டீச்சர் பலகையில் வார்த்தையும் எழுதவில்லை. எதிரே வந்த கமிட்டிக்காரர்கூட ஸ்ட்ரட்டை மறந்து சுவரோடு ஒட்டி நின்று சிரித்தார். “வாப்பா, நீங்கதான் முன்னால போவணும்” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை. இருபுறமும் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வாப்பா ஏதோ பேசிக்கொண்டே நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த உம்மாவின் தலை, திரும்பாமலே, ஆமாம் ஆமாம் என்று அசைந்துகொண்டே போனது. எதிரே யாரும் இல்லை. வாப்பாவின் வியாதி உம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து எனக்குக் கவலையாகப் போய்விட்டது.